சி மொழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆய்வகம்: அறிகுறியைக் கொண்டு பிழையைத் தேடும் வழிமுறை

பொறியியல், கணினி அறிவியல் படிப்புகளின் தொடக்கப் பருவங்களில் சி மொழியைக் கற்றுக்கொண்டு, உடனே லிங்க்டு லிஸ்ட் (கீழே பட்டியல் என்பது இதுவே), ஸ்டாக், கியூ, பைனரி ட்ரீ என்று தரவுக் கட்டமைப்புகளை எழுதத் தொடங்கும் மாணவர்களின் நிரல்களைத் தொடர்ந்து பார்த்துவருபவர்களுக்கு ஓர் உண்மை விரைவிலேயே தெரிந்துவிடும். பிழைகள் எண்ணற்றவையாகத் தோன்றினாலும், அவற்றின் மூலங்கள் மிகச் சிலவே. திரும்பத் திரும்ப வருபவையும் அவையே. சிக்கல் என்னவென்றால், பிழை செய்த வரி ஒன்றாகவும் அது வெளியே தெரியும் வரி வேறொன்றாகவும் இருப்பதுதான். நிரல் நின்ற வரியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கும் மாணவர் ஒரு முழு ஆய்வக வகுப்பையும் அதிலேயே இழந்துவிடுகிறார். கீழே உள்ளவை அறிகுறி வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் சில நொடிகளில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலிலும், நிரலைத் திருப்பி எழுத வேண்டிவரும் காரணம் கடைசியிலும் வரும். லினக்ஸும் ஜிசிசி கம்பைலரும் உங்களிடம் இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டது இது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

நீங்கள் ஓட்டுவது நீங்கள் இப்போது எழுதிய நிரல்தானா என்று உறுதிசெய்யுங்கள். கம்பைல் தோல்வியடைந்தால் பழைய ஓடும் கோப்பு அப்படியே கிடக்கும். பிழைச் செய்தியைக் கவனிக்காமல் மறுபடி ஓட்டினால் பழைய நிரலே ஓடும். "எதைத் திருத்தினாலும் மாற்றமே இல்லை" என்று வரும் மாணவர்களில் பலருக்கு இதுவே காரணம். மெயினின் முதல் வரியில் ஏதேனும் ஒரு சொல்லை அச்சிடச் செய்து, அது திரையில் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும்படி கம்பைல் செய்யுங்கள். டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, டபிள்யூ-ஷேடோ ஆகிய மூன்று விருப்பங்களையும், வரி எண்களைச் சேர்த்துவைக்கும் ஜி விருப்பத்தையும் ஜிசிசி கட்டளையில் எப்போதும் எழுதும் பழக்கம் வேண்டும். எச்சரிக்கை என்றால் பிழை இல்லை என்று நினைத்து அதைத் தாண்டிச் செல்வது இந்தப் பாடத்தில் மிகுந்த நேரத்தை விழுங்கும் பழக்கம்; சமக்குறி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற குழப்பத்தைக் கம்பைலர் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று இடங்களில் ஒன்றாகத் திருத்தி நிரல் ஓடிவிட்டால், எது பிழையாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதே பிழை அடுத்த வாரப் பயிற்சியில் மீண்டும் வரும்.

அறிகுறி: நிரல் கம்பைல் ஆகவே இல்லை

முதல் பிழைச் செய்தியை மட்டும் படியுங்கள், அதைச் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலே இருபது செய்திகள் வரக்கூடும். அவற்றில் முதலாவதைத் தவிர மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். காட்டப்படும் வரியில் குற்றம் தெரியவில்லையென்றால் அதற்கு முந்தைய வரியின் இறுதியில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்ற செய்தி வந்தால் இலக்கணத்தில் குற்றமில்லை. நீங்கள் அழைக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) எங்கும் எழுதப்படவில்லை அல்லது வேறு எழுத்துக்கோவையில் எழுதப்பட்டிருக்கிறது. வர்க்கமூலம் போன்ற கணிதச் செயற்கூறுகள் என்றால், கட்டளையின் இறுதியில் கணித நூலகத்தை இணைக்கும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து எடுத்த நிரல் என்றால் வேறொரு காரணமும் உண்டு. அது டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்து நிரலாக இருக்கலாம். கோனியோ தலைப்புக் கோப்பும், திரையைத் துடைக்கும் செயற்கூறும் ஜிசிசியுடன் லினக்ஸில் வருவதில்லை. அவற்றை நீக்கிவிட்டால் நிரல் கம்பைல் ஆகிவிடும். ஆனால் டர்போ சியில் இன்ட் மாறி 2 பைட், இங்கே 4 பைட் என்பதால், அந்த நோட்டில் உள்ள விடைகளை உங்கள் விடைகளோடு ஒப்பிட வேண்டாம். அங்கே 8 ஃபேக்டோரியல் −25216 என்று வரும். இங்கே 40320 என்று சரியாக வரும்.

கட்டளையே இல்லை என்று டெர்மினல் சொன்னால் அது உங்கள் பிழை அன்று. ஆய்வக உதவியாளரை அழைத்துக் கம்பைலரை நிறுவச் சொல்லுங்கள். அதற்காக நிரலைத் தொட வேண்டாம்.

அறிகுறி: உள்ளீட்டைக் கேட்காமல் தாண்டிச் செல்கிறது

எண்ணைப் படித்த உடனே ஓர் எழுத்தைப் படிக்கும் நிரல்களில் இது வரும். நீங்கள் எண்ணுக்குப் பின் தட்டிய என்டர் விசையும் ஓர் எழுத்துத்தான். எண்ணைப் படித்த ஸ்கேன்எஃப் அதைத் தொடாமல் விட்டுவைத்திருக்கும், அடுத்து எழுத்தைக் கேட்கும் ஸ்கேன்எஃப் அதை எடுத்துக்கொண்டு திருப்தியடைந்துவிடும். எழுத்துக்கான வடிவக்குறிக்கு முன்னால், மேற்கோளுக்குள்ளேயே, ஓர் இடைவெளி விட்டால் போதும்.

எஃப்கெட்ஸ் கொண்டு பெயரை முழு வரியாகப் படிப்பவர்களுக்கும் இதே மிச்ச என்டர்தான் வெற்றுப் பெயரைத் தரும். இங்கே இடைவெளி உதவாது, நடுவில் அந்த ஓர் எழுத்தைப் படித்துக் கழிக்க வேண்டும். எஃப்கெட்ஸ் வரியின் இறுதியில் வரும் என்டரையும் சேர்த்தே தரும் என்பதையும் கவனியுங்கள். பட்டியலில் இருக்கும் பெயரைத் தேடினால் "இல்லை" என்று விடை வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

மெனுவோடு ஓடும் நிரலில் தவறுதலாக எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டியதும் மெனு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஸ்கேன்எஃப் அந்த எழுத்தைப் படிக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் அதே எழுத்து அங்கே நிற்கும். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கையைச் சோதித்து, அது 1 இல்லையென்றால் வரியின் மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். உள்ளீடு முடிந்துவிட்டதைக் குறிக்கும் மதிப்பு திரும்பினால் லூப்பை விட்டே வெளியேறுங்கள்.

அறிகுறி: பட்டியலில் சேர்த்த தரவு அச்சிடும்போது இல்லை

சேர்க்கும் செயற்கூறு பிழையின்றி ஓடுகிறது, "சேர்க்கப்பட்டது" என்றும் அச்சிடுகிறது, ஆனால் பட்டியலைக் காட்டச் சொன்னால் காலி என்று வருகிறது. இதைக் காணும்போது நினைவகத்தையே சந்தேகிக்கத் தோன்றும். தேவையில்லை.

மிக எளிய காரணம், பட்டியலின் முதல் உறுப்பை, அதாவது முதல் நோடை, சுட்டும் ஹெட் என்ற பெயரில் இரண்டு மாறிகள் இருப்பது: ஒன்று நிரலின் மேலே பொதுவாக, இன்னொன்று மெயினுக்குள். மேலே சொன்ன ஷேடோ எச்சரிக்கை இதை உடனே காட்டிவிடும். அது இல்லையென்றால், ஹெட் பாயிண்டரைச் செயற்கூறுக்கு அனுப்பிய முறையைப் பாருங்கள். சி மொழியில் செயற்கூறுக்குச் செல்வது எப்போதும் மதிப்பின் நகல்தான். பாயிண்டரை அனுப்பினாலும் அந்தப் பாயிண்டரின் நகலே செல்கிறது, உள்ளே நீங்கள் மாற்றியது அந்த நகலை மட்டுமே. இதைச் சோதிக்க, செயற்கூறை அழைப்பதற்கு முன்னும் பின்னும் மெயினிலிருந்து ஹெட்டின் முகவரியை அச்சிடுங்கள். முதல் நோடைச் சேர்த்த பிறகும் அது நல் (எதையும் சுட்டாத பாயிண்டர் மதிப்பு) என்றே இருந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

திருத்த இரு வழிகள் உண்டு: செயற்கூறு புதிய ஹெட்டைத் திருப்பித் தரட்டும், மெயின் அதை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்; அல்லது ஹெட்டின் முகவரியையே அனுப்புங்கள். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் பைனரி ட்ரீயில் நோடைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதே வடிவில் எழுதப்படும்போது தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே, இடக்கிளைக்காகத் தன்னையே அழைக்கும் வரியில், திரும்பி வரும் மதிப்பை இடக்கிளையில் இட மறந்தால் இதே அறிகுறி மீண்டும் தோன்றும். ரூட் எனப்படும் உச்சி நோடு மட்டும் இருக்கும், மற்றவை தொலைந்திருக்கும்.

அறிகுறி: "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று நிரல் நின்றுவிடுகிறது

இந்தப் பாடத்தில் மாணவர்களை மிகவும் அச்சுறுத்துவது இதுதான், ஆனால் முறையாகத் தேடினால் விரைவில் அகப்படுவதும் இதுதான். ஷெல் இதை 139 என்ற முடிவெண்ணாகக் காட்டலாம். 128உடன் 11 என்ற சிக்னல் எண்ணைக் கூட்டியது அது. விண்டோஸில் கோட் பிளாக்ஸ் பயன்படுத்துபவர்கள் −1073741819 என்ற எண்ணைக் காண்பார்கள். இரண்டும் ஒரே செய்தி: நிரல் தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டது.

முதலில் ஸ்கேன்எஃப் வரிகளைப் பாருங்கள். மாறியின் முன் முகவரிக்குறி விடுபட்டிருந்தால், மாறியில் இருந்த ஏதோ ஓர் எண் முகவரியாகக் கொள்ளப்படும். எச்சரிக்கைகளைத் திறந்து வைத்திருந்தால் கம்பைலரே இதைச் சொல்லியிருக்கும்.

பிரின்ட்எஃப் வரிகளைச் செருகி, எதுவரை ஓடியது என்று பார்க்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அது உங்களைத் தவறான இடத்துக்கும் அனுப்பக்கூடும். திரைக்குச் செல்லும் எழுத்துகள் வரி முடியும்வரை சேர்த்துவைக்கப்படுகின்றன. வரி முடிவுக்குறி இல்லாத பிரின்ட்எஃப் ஓடியிருந்தும், நிரல் இடையில் நின்றதால் அது திரைக்கு வராமலே போகலாம். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் வரி முடிவுக்குறி இருந்தாலும் இதே நிலை. சோதனைக்காக எழுதும் வரிகளை எஸ்டிடி-எர் என்ற பிழை வழியில் அச்சிடுங்கள், அது காத்திருக்காது.

அதைவிடச் சிறந்த வழி, எஃப்-சானிடைஸ் விருப்பத்தோடு அட்ரஸ் என்ற சொல்லைச் சேர்த்துக் கம்பைல் செய்வது; கீழே சானிடைஸர் என்பது இதுவே. ஜிசிசியில் 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. நிரல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும், ஆனால் தவறான முகவரியைத் தொட்ட வரியின் எண்ணையும், அந்த நினைவகத்தை எந்த வரியில் வாங்கினீர்கள், எந்த வரியில் விடுவித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்த அறிக்கையை இவ்வாறு படியுங்கள்.

அறிக்கையில் முகவரி 0 அல்லது 8 போன்ற மிகச் சிறிய எண்ணாக இருந்தால், நல் பாயிண்டரின் வழியே உள்ளே சென்றிருக்கிறீர்கள். ஓர் இன்ட்டும் ஒரு நெக்ஸ்ட் பாயிண்டரும் கொண்ட நோடில், 64 பிட் கணினியில், நெக்ஸ்ட் எட்டாவது பைட்டில் தொடங்கும். ஆகவே 8 என்றால் நல்லின் நெக்ஸ்ட்டைக் கேட்டிருக்கிறீர்கள். லூப்பின் நிபந்தனையைப் பாருங்கள். நெக்ஸ்ட்டின் நெக்ஸ்ட்டைச் சோதிக்கும் நிபந்தனை, பட்டியல் காலியாக இருக்கும்போதும் ஒரே ஒரு நோடு இருக்கும்போதும் என்ன செய்யும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். தேடிய மதிப்பு பட்டியலில் இல்லாதபோது நீக்கச் சொல்வதும் இதே இடத்தில்தான் சறுக்கும்.

"ஹீப்-யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ" என்று வந்தால், ஃப்ரீ செய்த, அதாவது நினைவகத்தை விடுவித்த, நோடை மறுபடி தொட்டிருக்கிறீர்கள். பட்டியல் முழுவதையும் அழிக்கும் லூப்பில், நோடை விடுவித்துவிட்டு அதன் நெக்ஸ்ட்டைக் கேட்பது இதன் வழக்கமான வடிவம். நெக்ஸ்ட்டை முதலில் வேறொரு மாறியில் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு விடுவியுங்கள்.

"ஹீப்-பஃபர்-ஓவர்ஃப்ளோ" என்று வந்தால், வாங்கிய அளவைத் தாண்டி எழுதியிருக்கிறீர்கள். பத்து எழுத்துப் பெயருக்குப் பத்து இடங்களே ஒதுக்கியிருக்கலாம். முடிவுக்குறிக்குப் பதினோராவது இடம் வேண்டும். அது இல்லையென்றால் நினைவகத்தை வாங்கும் மேலாக் வரியைப் பாருங்கள். நோடின் அளவைக் கேட்க வேண்டிய இடத்தில் நோடு பாயிண்டரின் அளவைக் கேட்டிருந்தால் 8 பைட்டுகள் மட்டுமே வாங்கியிருப்பீர்கள். இந்தப் பிழை நீண்ட நாள் மறைந்திருக்கும் தன்மையுடையது. 64 பிட் லினக்ஸின் வழக்கமான நூலகம் 8 பைட் கேட்டாலும் 24 பைட்வரை பயன்படுத்தும்படியான துண்டையே தருவதால், 16 பைட் எடுக்கும் ஒருவழிப் பட்டியலும், 24 பைட் எடுக்கும் இருவழிப் பட்டியலும் தவறான மேலாக்குடனேயே ஓடிவிடும். பிறகு மாணவரின் பெயருக்கென்று நோடில் ஓர் அணியைச் சேர்த்த நாளில், அதுவரை ஓடிய நிரல் திடீரென்று நிற்கும். அப்போது புதிதாக எழுதிய வரிகளையே எல்லோரும் தேடுகிறார்கள், குற்றமோ மூன்று வாரப் பயிற்சிகளுக்கு முன்பு எழுதிய மேலாக்கில் இருக்கிறது.

"ஸ்டாக்-ஓவர்ஃப்ளோ" என்று வந்தால் தன்னையே அழைக்கும் செயற்கூறில் நிறுத்தும் நிபந்தனை இல்லை, அல்லது அது ஒருபோதும் எட்டப்படவில்லை. நிபந்தனை சரியாக இருந்தால் மெயினுக்குள் மிகப் பெரிய அணி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஸ்டாக் என்பது செயற்கூறுகளின் உள்மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி; லினக்ஸில் அதன் வழக்கமான எல்லை 8 எம்பி. 1500க்கு 1500 என்ற இன்ட் அணி 90 லட்சம் பைட்டுகள் கேட்கும், அந்த எல்லையைத் தாண்டிவிடும். மேலாக்கில் வாங்குங்கள்.

இந்தக் கருவியோடு ஓட்டினால் பிழை தெரியவில்லை, அது இல்லாமல் ஓட்டினால் மட்டும் நிற்கிறது என்றால், மதிப்பிடப்படாத பாயிண்டர் ஒன்று இருக்க வாய்ப்பு மிகுதி. புதிய நோடின் நெக்ஸ்ட்டுக்கு நல் இட்டீர்களா என்று பாருங்கள். மேலாக் தரும் இடம் பூச்சியத்தால் நிரப்பப்பட்டது அன்று. இதைக் காட்டுவதற்கு வால்கிரைண்ட் ஏற்ற கருவி, மெதுவாக இருந்தாலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அதுவும் ஒன்றும் சொல்லாதபோது, அறிக்கையையும் பிழையைத் தரும் மிகச் சிறிய உள்ளீட்டையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். அதற்கு முன் செல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: நிரல் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது

உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறதா, உண்மையிலேயே சுற்றுகிறதா என்று முதலில் பிரித்தறியுங்கள். என்டர் தட்டியோ ஓர் எண்ணைக் கொடுத்தோ பார்த்தால் தெரிந்துவிடும். சுற்றுகிறது என்றால், வொயில் வரியின் இறுதியில் தவறுதலாக அரைப்புள்ளி இருக்கிறதா, லூப்புக்குள் பாயிண்டரை நெக்ஸ்ட்டுக்கு நகர்த்தும் வரி இருக்கிறதா, அந்த வரி ஒரு இஃப்புக்குள் சிக்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். குறியற்ற எண் வகையில் பின்னோக்கி எண்ணும் லூப், பூச்சியத்துக்குக் கீழே ஒருபோதும் போகாது என்பதால் நிற்கவும் செய்யாது.

இவை எதுவும் இல்லையென்றால் பட்டியலே வளையமாகியிருக்கலாம். ஒரே நோடை இரண்டு முறை சேர்த்தால், அதாவது புதிய மேலாக் இல்லாமல் பழைய டெம்ப் பாயிண்டரையே மறுபடி இணைத்தால், ஒரு நோடு தன்னையே சுட்டத் தொடங்கும். அச்சிடும் லூப்பில் மதிப்போடு நோடின் முகவரியையும் அச்சிடுங்கள். ஒரே முகவரி திரும்ப வந்தால் எந்த இடத்தில் வளையம் என்பது தெரிந்துவிடும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஓட்டி, கன்ட்ரோல்-சி தட்டி நிறுத்தி, பிடி என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்த வரியில் சுற்றுகிறது என்பது கிடைக்கும். வட்டக் கியூ என்றால் அதன் முன்முனையையும் பின்முனையையும் குறிக்கும் ஃப்ரன்ட்டும் ரியரும் சமமாக இருப்பது காலியையும் குறிக்கலாம், நிறைவையும் குறிக்கலாம். இரண்டையும் பிரிக்க ஓர் எண்ணிக்கை மாறியை வைத்துக்கொள்வதே எளிது.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் விடை தவறு

விடை ஒவ்வொரு முறையும் மாறினால் அது தர்க்கப் பிழை அன்று, மதிப்பிடப்படாத மாறி. கூட்டுத்தொகையைப் பூச்சியமாக்கிய பிறகு தொடங்கினீர்களா என்று பாருங்கள். சானிடைஸரோடு ஓட்டும்போது −1094795586 என்ற விசித்திரமான எண் அச்சானால், மேலாக் தந்த இடத்தில் எதையும் எழுதாமலே படித்திருக்கிறீர்கள். அந்தக் கருவி புதிதாகத் தரும் இடத்தை நிரப்பிவைக்கும் பைட்டுகள்தாம் அவ்வாறு தெரிகின்றன.

எப்போதும் ஒரே தவறான விடை வந்தால், கையால் கணக்கிடக்கூடிய உள்ளீட்டைக் கொடுங்கள். எண்களுக்குப் பின் குறி வரும் போஸ்ட்ஃபிக்ஸ் கணக்கீட்டில் 6, 2, கழித்தல் என்று கொடுத்தால் 4 வர வேண்டும். −4 வந்தால், ஸ்டாக்கிலிருந்து முதலில் எடுத்ததை இடப்பக்க எண்ணாகக் கொண்டிருக்கிறீர்கள். அது வலப்பக்க எண். கூட்டலும் பெருக்கலும் மட்டும் கொண்ட உதாரணங்களில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஆகையால் கழித்தலையும் வகுத்தலையும் சோதிக்காமல் ஒப்படைக்காதீர்கள். 5 என்ற இலக்கத்துக்குப் பதில் 53 கணக்கில் வந்தால், எழுத்தை எண்ணாக மாற்ற 48ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள்.

சராசரியில் தசமப் பகுதி எப்போதும் பூச்சியமாக வருவது, இரண்டு முழு எண்களை வகுத்ததால். இரண்டு சொற்கள் ஒரேமாதிரி இருந்தும் பொருந்தவில்லை என்றால், ஸ்டிரிங்-கம்பேர் செயற்கூறுக்குப் பதில் சமக்குறியால் ஒப்பிட்டிருக்கிறீர்கள். எண் வரம்பைத் தாண்டுவது இவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் விடை நம்பும்படியாகவே இருக்கும்: 12 ஃபேக்டோரியல் 47,90,01,600 என்று சரியாக வரும், 13 ஃபேக்டோரியலுக்கு உண்மையான 622,70,20,800க்குப் பதிலாக 193,20,53,504 அச்சாகும். குறைக்குறி இல்லாததால் யாரும் சந்தேகிப்பதில்லை. லாங் லாங் வகைக்கு மாற்றுங்கள். அதுவும் 20 ஃபேக்டோரியல்வரைதான் தாங்கும்.

அறிகுறி: சிறிய உள்ளீட்டுக்கு உடனே, பெரிய உள்ளீட்டுக்கு மிகத் தாமதம்

டைம் கட்டளையோடு ஓட்டி, உள்ளீட்டை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். நேரமும் இரட்டிப்பானால் கவலை வேண்டாம். நான்கு மடங்கானால், லூப்புக்குள் லூப் எங்கோ மறைந்திருக்கிறது. லூப்பின் நிபந்தனையில் ஸ்டிரிங்கின் நீளத்தை ஒவ்வொரு சுற்றிலும் கேட்பதும், பட்டியலின் இறுதியில் சேர்க்க ஒவ்வொரு முறையும் ஹெட்டிலிருந்து நடந்து செல்வதும் இவ்வாறு மறைந்திருப்பவை. முன்னதை ஒரு மாறியில் எடுத்துவைப்பதும், பின்னதற்கு இறுதி நோடைச் சுட்டும் டெயில் பாயிண்டர் ஒன்றை வைத்துக்கொள்வதும் சில வரி வேலை.

பைனரி சர்ச் ட்ரீ தாமதமானால், உள்ளீடு ஏற்கெனவே வரிசைப்படுத்தப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் ஒவ்வொரு நோடும் வலப்பக்கமே சேர்ந்து, ட்ரீ ஒரு நீண்ட பட்டியலாகிவிடும். ஒரு லட்சம் மதிப்புகளுக்கு ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். அதே மதிப்புகளைக் கலைத்துக் கொடுத்தால் வேகமாக முடிகிறதென்றால் காரணம் உறுதி. இங்கே நிரலில் பிழை இல்லை, தேர்ந்தெடுத்த கட்டமைப்புத்தான் பொருந்தவில்லை. அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் வெளியிட்ட, உயரத்தைத் தானே சமன்செய்துகொள்ளும் ஏவிஎல் ட்ரீயில், ஒரு லட்சம் நோடுகளுக்கும் உயரம் 25ஐத் தாண்டாது. ஆனால் அதற்கு மாறுவது நிரலின் பெரும்பகுதியைத் திருப்பி எழுதும் வேலை என்பதால், பயிற்சி அதைக் கேட்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, மதிப்பீட்டில் தோற்கிறது

தானியங்கி மதிப்பீடு என்றால் "எண்ணை உள்ளிடுக" போன்ற வாசகங்களை நீக்கிவிட்டுப் பாருங்கள். கேட்ட வெளியீட்டைத் தவிர எது அச்சானாலும் அது தவறாகவே எண்ணப்படும். விண்டோஸில் உருவான உள்ளீட்டுக் கோப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13 என்ற குறியெண்ணுடைய, கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்கும். லினக்ஸில் எஃப்கெட்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துவிடும். பிறகு, மேலே செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்குச் சொன்ன சானிடைஸர் சோதனையை உங்கள் கணினியிலேயே செய்யுங்கள். நினைவகப் பிழை ஒரு கணினியில் தற்செயலாகத் தெரியாமல் போவது மிக இயல்பு. "என் கணினியில் ஓடுகிறது" என்பது நிரல் சரியானது என்பதற்குச் சான்றாகாது.

வெளியீடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தி, சானிடைஸரும் வால்கிரைண்டும் ஒன்றும் சொல்லாமல், காலிப் பட்டியல், ஒற்றை நோடு, திரும்பத் திரும்ப வரும் மதிப்புகள் ஆகிய மூன்று உள்ளீடுகளும் சரியாக ஓடிய பிறகும் தோற்றால், பயிற்சியின் வாசகத்தை நீங்கள் புரிந்துகொண்டதும் ஆசிரியர் கருதியதும் வேறுபட்டிருக்கலாம். அப்போது நண்பரின் நிரலை வாங்கி ஒட்டிவிடாமல், உங்கள் நிரலையும், ஓட்டிய கட்டளையையும், கொடுத்த உள்ளீட்டையும், எதிர்பார்த்த விடையையும், வந்த விடையையும் ஒரே பக்கத்தில் எழுதி ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள்.